கரண்ட் கை

ஷாக் அடிச்சுதா? அடிக்கும். அந்தக் கம்பியை விடுங்க, இப்படி என் பக்கமா நகர்ந்து உக்காருங்க. பஸ்ல ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க சேலை பாலியஸ்டர், சீட்டு ரெக்சின், மாசி மாசத்துக் காத்து ஈரமே இல்லாம காஞ்சு கெடக்கு. உரச உரச உடம்புல ஏறிக்கும். இரும்பைத் தொட்டா சுள்ளுன்னு இறங்கிடும். அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் டாக்டர்கிட்ட ஓடினவங்களை எல்லாம் பாத்திருக்கேன்.

நானா? ஓசூர்ல ஒரு கம்பெனி. பேரு வேணாம். இப்ப நான் போறதே அது சம்பந்தமாதான், அதனால பேரு வேணாம். டி.வி.யில கார் ஓட்டற விளையாட்டு, சுடற விளையாட்டெல்லாம் இருக்குல்ல, பசங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு கட்டைவிரலால திருகிக்கிட்டே இருப்பாங்களே, அந்த கன்ட்ரோலர். அதை நாங்கதான் செய்யறோம். செஞ்சு வெளிநாட்டுக்குப் போகுது. நான் மூணாம் லைனுக்கு லீடரா இருந்தேன். லைன்னா வரிசையா இருபத்திரண்டு மேசை, மேசைக்கு ஒரு பொம்பள. இப்ப நான் சூப்பர்வைசர், மூணு லைனும் என் கையில. இந்த நாற்காலிக்கு வர பத்தொம்பது வருஷம் ஆச்சும்மா. ஆபரேட்டரா உள்ள நுழைஞ்சு சூப்பர்வைசர் ஆன முதல் பொம்பள நான்தான். மங்கையர்க்கரசின்னு கேட்டா வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

கிருஷ்ணகிரி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ல? சூளகிரிகிட்ட ரோட்டு வேலை வேற நடக்குது. பதினொரு மணிக்கு லேபர் ஆபீஸ்ல இருக்கணும். என் மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஒரு பொம்பள மனு குடுத்திருக்கா. நான் கூட்டிட்டு வந்து வேலை வாங்கிக் குடுத்த பொம்பள. அதான் வயித்தெரிச்சல்.

அம்சான்னு பேரு. எங்க ஊருதான், அரூர் பக்கம். எங்க ஊருன்னா, ஏரிக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. புரியுதுல்ல? நான் அதெல்லாம் பாக்கறவ இல்ல. பாக்கறவளா இருந்தா என் லைன்லயே கொண்டாந்து சேத்திருப்பேனா? புருஷன் கட்டட வேலைக்குன்னு பெங்களூரு போனவன், அங்கயே வேற ஒருத்தியோட குடித்தனம் ஆயிட்டான். ஒரே பொண்ணு, அப்ப பள்ளிக்கூடம், பின்னால பாலிடெக்னிக் சேந்துச்சு. "ஏதாவது ஒரு வேலை சொல்லுங்கக்கா"ன்னு எங்க வாசப்படிக்குக் கீழ வந்து நின்னா. எங்க அண்ணன் திட்டினாரு, அவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உக்கார வெக்கப் போறியான்னு. நான் கேட்கல. என் மனசு அப்படி. நல்லதுக்குக் காலமில்லன்னு சொல்லுவாங்க, அது எனக்குன்னே சொன்னது.

கை வேலை சுத்தமா செய்வா. அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆறு வருஷம் இருந்தா, ஒரு நாள் அவ மேசையில வேலை தேங்கினது இல்ல. காண்ட்ராக்ட்லதான் இருந்தா. நான் சூப்பர்வைசர் ஆனதும் நிரந்தரம் பண்ணிடறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். சொன்னதை செய்யற ஆளு நான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், புதுசா சேர்றவங்களுக்கு நான் எடுக்கற பாடம் இது. இப்ப உங்களுக்கு அடிச்சுதே, அந்த மாதிரி சுள்ளுன்னு நமக்குத் தெரியணும்னா மூவாயிரம் வோல்ட் வேணும். அதுக்குக் கீழ எவ்வளவு இருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனா கன்ட்ரோலர் உள்ள அரிசி அளவுல ஒரு சில்லு இருக்கும் பாருங்க, அது சாகறதுக்கு நூறு போதும். தொட்டவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, அது செத்துப் போயிருக்கும். சிலது அங்கயே சாகாது. உள்காயத்தோட பாஸ் ஆகிப் போயிடும். எங்கயோ ஒரு நாட்டுல ஒரு பையன் விளையாடிட்டு இருக்கும்போது குமிழ் தானா ஒரு பக்கமா இழுக்கும், அமுக்காத பட்டன் தானா அமுங்கும். அதனாலதான் நாங்க கையில பட்டை கட்டி, ஒயர் மாட்டி, அதை பூமிக்கு விட்டிருப்போம். செருப்புல ஒரு பட்டை, மேல நீலக் கோட்டு. உள்ள நுழையும்போதே ஒரு மெஷின்ல கை வெக்கணும். பச்சை லைட் எரிஞ்சாதான் கதவு திறக்கும். பத்தொம்பது வருஷத்துல எனக்கு ஒரு நாள்கூட சிவப்பு எரிஞ்சதில்ல.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, மார்கழி கடைசியில மேசைக்கெல்லாம் புதுசா பாய் வந்துச்சு. பாய்னா படுக்கற பாய் இல்ல. ரப்பர் மாதிரி, நீலமா, மேசை முழுக்க விரிக்கறது. சாமான்ல இருக்கற மின்சாரத்தை அது இழுத்து பூமிக்கு விட்டுடும். மூணு லைன்ல எனக்குத்தான் முதல்ல குடுத்தாங்க. பொங்கல் கழிச்சு முதலாளி வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வர்றாரு, கண்ணாடிக்கு வெளிய நின்னு பாப்பாங்க, லைன் பளிச்சுன்னு இருக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. புதுப் பாய்ல சால்டரிங் பொறி பட்டா பொத்தல் விழும். டீ கறை போகாது. நான் ஒரு சாமானை எப்படி வெச்சுக்கணும்னு தெரிஞ்சவம்மா. எங்க வீட்டு டி.வி. ரிமோட் கவர் இன்னைக்கும் பிரிக்கல. ஃப்ரிட்ஜ் வாங்கி எட்டு வருஷம், கதவு மேல ஒட்டி வந்த தாளு அப்படியே இருக்கு. வர்றவங்க நேத்து வாங்கினதான்னு கேப்பாங்க.

அதனால பஜாருக்குப் போய் நல்ல கெட்டியான கண்ணாடிக் கவர் வாங்கிட்டு வந்தேன். சாப்பாட்டு மேசைக்குப் போடறது, மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்களே, அது. என் கைக்காசு. ஞாயித்துக்கிழமை அம்சாவை வரச்சொல்லி, இருபத்திரண்டு மேசைக்கும் அளவா வெட்டச் சொன்னேன். அவ கைக்கு நூல் பிசகாது. "அக்கா, பாய் மேல கவர் போடலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா. நான் சொன்னேன், பாயைக் காப்பாத்தத்தாண்டி போடறோம், வெட்டுன்னேன். வெட்டினா. அதோட கடைசி மேசைக்குப் புது நாற்காலி ஒண்ணு வந்திருந்துச்சு, அது அம்சாவோட மேசை. அதுலயும் கவரைப் பிரிக்காதன்னு சொல்லிட்டேன்.

முதலாளி வந்து பாத்து அசந்துட்டாரு. மேசையெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. மேனேஜர் என்னை லைன் முன்னாடி நிக்க வெச்சுப் போட்டோ புடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாரு. அன்னைக்கு அந்த மனுஷன் தானா சொன்னாரு, பங்குனியில சூப்பர்வைசர் போஸ்ட் காலியாகுது மங்கை, தயாரா இருன்னு. நான் அன்னைக்கு ஒழுங்கா சோறு திங்கல சந்தோஷத்துல.

கண்ணு பட்டுடுச்சு. வேற என்ன சொல்றது? தை பதினஞ்சு தாண்டினதும் ஆரம்பிச்சுது. நூத்துக்கு ரெண்டு சோதனையில கழியும் எங்க லைன்ல, அது எப்பவும் உள்ளதுதான். நாலாச்சு, ஏழாச்சு, பதினொண்ணாச்சு. கன்ட்ரோலரை மாட்டினா குமிழ் அசையாது, இல்லன்னா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒண்ணு ரெண்டு லைன்ல அப்படி இல்ல. பழைய பாயை வெச்சுக்கிட்டு அவங்க ரெண்டுக்கு மேல போகல. என் லைன் மட்டும். பத்தொம்பது வருஷம் கட்டின பேரு. சூப்பர்வைசர் போஸ்ட் ஒரு மாசத்துல. 

நான் விடல. பட்டையை சோதிச்சேன், ஒயரை சோதிச்சேன், கோட்டு ஒண்ணொண்ணையும் தடவிப் பாத்தேன். யாராவது நைலான் உள்பாவாடை கட்டியிருக்காளான்னு பாத்ரூம் வரைக்கும் போய் விசாரிச்சேன். மெட்டி, கொலுசெல்லாம் கழட்டச் சொன்னேன். ஒண்ணும் தட்டுப்படல.

அப்பதான் அது நடந்துச்சு. அம்சாவுக்கு என்ன வேலைன்னா, கன்ட்ரோலர் முகப்பு மேல கீறல் படாம இருக்க ஒரு பொடிசான தாளு ஒட்டியிருக்கும், அதை உரிச்சு எடுக்கறது. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல உரிப்பா. அவ ஒயரைக் கழட்டிட்டு நாற்காலியில இருந்து எந்திரிச்சு ஒரு தட்டு நிறைய கன்ட்ரோலரை என்கிட்ட நீட்டினா. நான் வாங்கப் போனேன். அவ விரலுக்கும் என் விரலுக்கும் நடுவுல நீலமா ஒரு பொறி. டிக்குன்னு சத்தம்கூட கேட்டுச்சு. நான் தட்டை விட்டுட்டேன். அத்தனையும் தரையில. லைன் முழுக்க திரும்பிப் பாத்துச்சு.

"என்னடி, உன் உடம்புல கரண்ட் ஓடுதா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவளும் சிரிச்சா. அவ்வளவுதான் நான் சொன்னது. பின்னால நடந்ததுக்கெல்லாம் நான் பொறுப்பா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மத்தியானத்துக்குள்ள கரண்ட் கைன்னு பேரு வெச்சுட்டாளுங்க. அவ கையில இருந்து யாரும் எதையும் வாங்கறதில்ல. "அங்க வெச்சுடு, எடுத்துக்கறோம்"னாங்க. அதுல தப்பில்லன்னு எனக்கும் பட்டுது. கன்ட்ரோலர் சாகாம இருந்தா சரி. அடுத்த வாரம் கேன்டீன்ல அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளர், ஜன்னல்கிட்ட தனியா இருக்கும். அப்புறம் கம்பெனி பஸ்ல கடைசி சீட்டு, பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. அவ கூட ரூம்ல இருந்த மூணு பேரும் அவ துணியைத் தனியா காயப்போடச் சொன்னாங்க. நான் யாரையும் அப்படிச் செய்யின்னு சொல்லல. என் வாயில இருந்து ஒரு சொல்லு வந்திருந்தா என் நாக்கு அழுகிப்போகட்டும். செய்யாதீங்கன்னும் சொல்லல, அது வேற. ஒரு லீடர் இதுக்கெல்லாம் போய் பஞ்சாயத்து பண்ணிட்டு இருக்க முடியுமா? நெருப்பில்லாம புகையுமா?

ஒரு நாள் தண்ணி புடிக்கற இடத்துல தனியா வந்து நின்னா. கிட்ட வரல. நாலடி தள்ளி நின்னுக்கிட்டு சொன்னா.

"அக்கா, தினமும் மெஷின்ல கை வெக்கறேன், பச்சைதான் எரியுது. நீங்க ஒரே ஒரு தடவை எல்லாரு முன்னாடியும் என் கையைப் புடிங்க. அது போதும். மத்தவங்க தானா அடங்கிடுவாங்க."

கேட்டீங்களா அவ கேட்டதை? லைன் லீடர் நான், எல்லாரு முன்னாடியும் போய் இவ கையைப் புடிக்கணுமாம். அப்ப மறுபடியும் ஷாக் அடிச்சு நான் துள்ளி விழுந்தா என் மரியாதை என்ன ஆகறது? பாக்கலாம் போன்னு சொன்னேன். அப்புறம் வேலை சரியா இருந்துச்சு, மறந்துட்டேன். மறக்கலன்னே வெச்சுக்கங்க. எனக்கு அந்த நேரத்துல ஆயிரம் தலைவலி. பதிமூணு ஆயிடுச்சு கழிவு.

மேனேஜர் கூப்பிட்டு காரணம் எழுதிக் குடுன்னாரு. இன்டர்வியூவுக்கு இன்னும் பத்து நாள். காரணம் இல்லன்னு எழுதினா நான் எதுக்கு லீடர்? கண்ணால பாத்ததை எழுதினேன். இருபத்திரண்டாம் மேசை ஆபரேட்டர் அம்சா, உடம்புல மின்சாரம் அதிகமா இருக்கு, சாமான் கெடுதுன்னு. பொய்யா? பொறி பறந்தது பொய்யா? இருபது பேர் பாத்தாங்க. வேலையை விட்டு எடுங்கன்னு நான் எழுதவே இல்ல. காண்ட்ராக்ட் ஆளுன்னதும் அவங்க ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. வேற இடத்துக்கு மாத்துவாங்கன்னுதான் நான் நெனச்சேன்.

போற அன்னைக்கு அடையாள அட்டையைக் கழட்டி என் மேசை மேல வெச்சா. நான் கையை நீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அதைப் பாத்தும் பாக்காத மாதிரி மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டா. அவ்வளவு திமிரு.

சரி, போனாளே, கழிவு கொறஞ்சுதான்னு கேப்பீங்க. உடனே கொறையல. அவ மேசையில உக்காந்த புதுப் பொண்ணும் மூணாம் நாளே ஷாக் அடிக்குதுன்னு அழுதுச்சு. நான் அதுக்கு என்ன சொன்னேன்னா, ஆறு வருஷம் அவ உக்காந்த இடம், கொஞ்சம் தங்கியிருக்கும், போகப் போக சரியாயிடும்னு. அவளுங்க நாற்காலிக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாங்க. அதையும் நான் ஒண்ணும் சொல்லல.

அந்த நேரம் பாத்து பெங்களூர்ல இருந்து ஒரு இன்ஜினியரை வரவழைச்சாங்க. சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாரு. கையில சோப்பு டப்பா அளவுக்கு ஒரு மீட்டர். அதைத் தொடாமலே, ரெண்டு விரக்கடை தள்ளிப் புடிச்சாலே எவ்வளவு மின்சாரம் இருக்குன்னு காட்டுமாம். கோட்டுகிட்ட புடிச்சாரு, ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க கைகிட்ட புடிச்சாரு, ஒண்ணும் இல்ல. மேசைகிட்ட கொண்டு போனாரு, நம்பர் ஏறுது ஏறுதுன்னு ஏறி ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. ஒரு ஓரத்துல கவரைக் கிள்ளி தூக்கினாரு. பத்தாயிரம்னு காட்டுச்சு. கவரை உருவிட்டு வெறும் பாய்கிட்ட புடிச்சாரு. பூஜ்யம். கடைசி நாற்காலிகிட்டப் போய், அந்தக் கவரையும் கிழிச்சு எறிஞ்சாரு.

அப்புறம் நிமிந்து எங்க எல்லாரையும் பாத்தாரு. "பாய் மேல இந்த பிளாஸ்டிக்கை யாரு போட்டது?"ன்னாரு.

  இருபத்திரண்டு பொம்பளைங்களும் குனிஞ்சுக்கிட்டாங்க. புதுப் பொண்ணைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். போட்டோ புடிச்சு ஒட்டினதே அவருதானே. அவரு ஜன்னல் பக்கம் பாத்துட்டு நிக்கறாரு. யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆகணும்? நான்தானே லீடர்?

"வெட்டினது அம்சா சார். இப்ப வேலையில இல்ல"ன்னேன்.

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? பொய் இல்லையே. வெட்டினது அவதானே. கத்தரி அவ கையிலதானே இருந்துச்சு. அவரு எழுதிக்கிட்டாரு, முன்னாள் ஆபரேட்டர் ஒருத்தர் தவறுதலா போட்டதுன்னு. வாங்கினது யாரு, போடச் சொன்னது யாருன்னு அவரு கேட்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்காததை அவரு காதுக்குள்ள கொண்டு போய்த் திணிக்கவா முடியும்?

அன்னைக்கே கவரையெல்லாம் எடுத்துட்டாங்க. ஒரே வாரத்துல கழிவு ஒண்ணுக்கு வந்துடுச்சு. நோட்டீஸ் போர்டுல இருந்த என் போட்டோவை யாரோ எடுத்துட்டாங்க, யாருன்னு நான் விசாரிக்கல. பிரச்சனையை ஒரு மாசத்துல சரி பண்ணின லீடர்னு மேனேஜர் எழுதிக் குடுத்தாரு, எனக்குப் போஸ்ட் கெடச்சுது. கவர்லயும் கொஞ்சம் இருந்திருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவகிட்டயும் இருந்துச்சும்மா. என் விரல்ல பட்டது எனக்குத் தெரியாதா? அவ போனதும் கவர் போனதும் ரெண்டும் ஒரே மாசம். எதனால சரியாச்சுன்னு யாரு கண்டா?

சூப்பர்வைசர் ஆன அன்னைக்கு லட்டு வாங்கிட்டுப் போனேன். நல்ல நெய் லட்டு, ஆளுக்கு ஒரு டப்பா. மேசை மேசையா நானே போய்க் குடுத்தேன். முதல் மேசையில மாதம்மா, பன்னெண்டு வருஷமா என்கூட வேலை பாத்தவ, தலையை நிமித்தாம "அங்க வெச்சுடுங்க மேடம்"னா. கை வேலையா இருக்கான்னு நெனச்சு வெச்சுட்டு அடுத்த மேசைக்குப் போனேன். அவளும் அதையேதான் சொன்னா. மூணாவதும் அப்படித்தான். கடைசி வரைக்கும் ஒருத்திகூட கையை நீட்டல. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு பாக்கறேன், இருபத்திரண்டு டப்பாவும் மேசை மேல வெச்சது வெச்சபடி இருக்கு. எவ்வளவு பொறாமை பாருங்க. கூட இருந்தவ மேல வந்துட்டான்னு தாங்க முடியல அவளுங்களுக்கு. அதுவரைக்கும் அக்கா அக்கான்னு மடியில வந்து விழுவாளுங்க. அன்னையில இருந்து மேடம்தான். என் எதுக்க சாப்பிட யாரும் உக்கார்றதில்ல. நான் போய் உக்காந்தா சாப்பிட்டு முடிச்சுட்டோம்னு எந்திரிச்சுடறாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

சரி, இந்த மனு விஷயத்துக்கு வர்றேன். அம்சாவுக்கு ஓசூர்ல வேற எங்கயும் வேலை கெடைக்கல. ஊரு பெருசா இருந்தாலும் எல்லா கம்பெனியிலயும் எல்லாருக்கும் யாராவது ஒரு சொந்தம் இருக்கும். வாட்சு கம்பெனிக்குப் போயிருக்கா, கேட்லயே கரண்ட் கைதானேன்னு கேட்டாங்களாம். ஒயர் கம்பெனியில ரெண்டு நாள் வெச்சுட்டு அனுப்பிட்டாங்களாம். கடைசியில கிருஷ்ணகிரியில மாங்கூழ் பேக்டரியில போன சீசனுக்கு மட்டும் வேலை கெடச்சுது. மாம்பால் பட்டுக் கையெல்லாம் வெந்து கெடந்துச்சுன்னு சொன்னாங்க. பொண்ணு படிப்பை நிறுத்திட்டதா கேள்வி. எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? இருக்கத்தான் செய்யுது. நான் சேத்துவிட்ட பொம்பளதானே.

லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கான்னதும் எங்க ஹெச்.ஆர். மேடம் பயந்துட்டாங்க. நஷ்டஈடு கேப்பா, திரும்ப வேலை கேப்பான்னு வக்கீலை எல்லாம் வெச்சுப் பேசினாங்க. மனுவைப் பிரிச்சுப் பாத்தா, அதெல்லாம் ஒண்ணுமே கேட்கல அவ. வேலை வேணாம், பணம் வேணாம். என் உடம்புல எந்தக் கோளாறும் இல்ல, என் கையால எதுவும் கெடலன்னு கம்பெனி முத்திரை போட்டு ஒரு தாளு குடுங்க, அது போதும்னு எழுதியிருக்கா. ஹெச்.ஆர். மேடம் சிரிச்சுட்டாங்க, இவ்வளவுதானான்னு. உடனே டைப் அடிச்சுட்டாங்க. அன்னைக்கு ரிப்போர்ட் எழுதினது நான்ங்கறதால நான்தான் கையெழுத்துப் போடணுமாம். இந்தாங்க, பைக்குள்ளதான் இருக்கு. மூணே வரி. பேனாகூட குடுத்து அனுப்பியிருக்காங்க. அங்க ஆபீசர் முன்னாடி போட்டுக் குடுத்துட்டு வந்துடுங்கன்னாங்க.

நான் போடப் போறதில்ல.

போட்டா என்னன்னு சுலபமா கேக்கறீங்க. ஒரு கையெழுத்துதானேன்னு அந்த மேடமும் அப்படித்தான் சொன்னாங்க. அவங்களுக்கு என்ன, போன வருஷம் வந்தவங்க. எனக்கு பத்தொம்பது வருஷம். அந்தத் தாளை வாங்கினதும் அம்சா அதைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டவா போறா? ஓசூர்ல கேட்டுக்குக் கேட்டு காட்டுவா. எங்க லைன் பொம்பளைங்க கையில போய்ச் சேரும், ஊருக்குப் போகும், எங்க அண்ணன் வரைக்கும் போகும். நீங்களே யோசிச்சுப் பாருங்க. நூத்துக்கு பதிமூணு செத்தது நிஜம். பொறி பறந்தது நிஜம். அவ உடம்புல ஒண்ணும் இல்ல, அவ கையால ஒண்ணும் கெடலன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் யாரு கையால கெட்டுச்சுன்னு கேப்பாங்கல்லம்மா?